லண்டனிலிருந்து காரில் பிரான்ஸ் போகிறோம், ப்ரீத் அனலைசர் வைத்திருப்பது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. அந்த விதியை பிரான்ஸ் 2020 மே மாதமே தன் சாலைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. மூச்சை ஊதி உடம்பில் மது எவ்வளவு என்று பார்க்கும் அந்தக் கருவி காரில் இல்லை என்பதற்காக எந்தப் போலீஸ்காரரும் உங்களிடம் அபராதம் கேட்க முடியாது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கம் என்னை விடவில்லை. படகுத்துறைக் கடையில் சட்டப்படி கட்டாயம் என்று சொல்லி விற்கிறார்கள், நண்பர்களோ அது வெறும் ஏமாற்று வேலை, காசைக் கரியாக்காதே என்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தோடு போகிறீர்கள், அங்கே சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஏதோ இருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து காரை எடுத்துக்கொண்டு பாரிஸ் போகும் நம்மவர்களில் நிறையப் பேர் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோதான் போகிறோம்.

கடைக்காரர் சொல்வது எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2012 பிப்ரவரி கடைசியில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் கார், லாரி, பெரிய மோட்டார் சைக்கிள் என்று எதை ஓட்டினாலும், பயன்படுத்தாத ஒரு ப்ரீத் அனலைசர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சிறிய மொபெட்டுக்கு மட்டும் விலக்கு. வெளிநாட்டு வண்டிக்கும் இதே விதிதான். இல்லாவிட்டால் 11 யூரோ அபராதம். நவம்பரில் அபராதம் தொடங்கும் என்றார்கள். கடைகளில் கருவி கிடைக்காமல் தட்டுப்பாடு வந்ததால் 2013 மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டார்கள். அதற்கும் முன்பே, 2013 ஜனவரியில், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த மனுவேல் வால்ஸ் அபராதத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தார். விதி மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடந்தது. வைத்திருக்க வேண்டும், ஆனால் வைத்திருக்காவிட்டால் தண்டனை இல்லை. இந்த நிலை ஏழு ஆண்டுக்கு மேல் நீடித்தது. 2020இல்தான் எடுத்தார்கள்.

அந்த ஏழு ஆண்டில் ‘கட்டாயம்’ என்று அச்சடித்த பயணப் பெட்டிகள் எத்தனை விற்றிருக்கும்! 2020க்கு அப்புறமும் விற்கிறார்கள். வழியில் கார் பழுதானால் எங்களுக்கு உதவும் நிறுவனம் அனுப்பிய கையேட்டில்கூட அது கட்டாயப் பொருள்கள் பட்டியலில் இருந்தது. விதி நீக்கப்பட்ட ஆண்டைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டுக் கையேட்டிலும் அதே வரி இருந்தது. பணம் வாங்குகிறவர்கள் ஒரு வரியைத் திருத்தக்கூடாதா? எனக்கு இன்னமும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

ஆக, கட்டாயம் இல்லை என்ற அளவில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. காசைக் கரியாக்காதே என்று சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஓட்டுநருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.8 கிராம் ஆல்கஹால். ஐரோப்பாவில் இது மிகத் தாராளமான அளவு. பிரான்ஸில் 0.5. உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாத புதியவர்களுக்கு 0.2, அதாவது ஒரு கிளாஸ் ஒயின்கூடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5ஐத் தொட்டால் சாதாரண அபராதமே 135 யூரோ. 0.8ஐத் தொட்டால் அது அபராதத்தோடு போகாது, குற்ற வழக்கு, சிறைத் தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இங்கிலாந்துக் கரையிலுள்ள டோவரில் ‘எல்லைக்குள்தான் இருக்கிறேன்’ என்று நிம்மதியாகச் சொல்லக்கூடிய அதே அளவில், எதிரே பிரெஞ்சுக் கரையிலுள்ள கலேயில் நீங்கள் குற்றவாளி. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரிலேயே 0.5க்கு இறங்கிவிட்டது. அங்கிருந்து வருபவர்களுக்கு இது புதிதாக இருக்காது. லண்டன்காரர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் உறைப்பதில்லை.

அதிலும் பெரிய ஆபத்து மறுநாள் காலை. இதை நான் நேரில் பார்த்தேன்.

என் பெரியப்பா குடும்பம் புதுச்சேரியிலிருந்து பிரான்ஸில் குடியேறியவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணன், அண்ணி, அவர்கள் குழந்தை, நான் எல்லோரும் ஒரே காரில் லண்டனிலிருந்து போனோம். கார் அண்ணனுடையது. வரவேற்பு பாரிஸுக்கு வெளியே ஒரு மண்டபத்தில். இரவு நெடுநேரம் போயிற்று. அண்ணன் குடிகாரர் இல்லை, இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். விசேஷம் என்றால் மட்டும்தான். அன்றைக்கு உறவுக்காரப் பையன்கள் விடவில்லை. இரண்டு மணிக்கு வந்து படுத்தார். எட்டு மணிக்கெல்லாம் குளித்து, காபி குடித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சாவியை எடுத்துக்கொண்டு நின்றார். பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவருக்கே சந்தேகம் இல்லை. பேச்சில் தடுமாற்றம் இல்லை, கை நடுக்கம் இல்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடம்பு ஒரு மணி நேரத்தில் கழிப்பது லிட்டருக்கு 0.10 முதல் 0.15 கிராம் வரைதான். குளியலோ காபியோ உறக்கமோ இந்த வேகத்தைக் கூட்டாது. இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு 1.5 இருந்தது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணிக்கு 0.6இலிருந்து 0.9 வரை இன்னும் மிச்சம் இருக்கும். அந்த 0.6 லண்டனில் சட்டத்துக்கு உட்பட்டது. பிரான்ஸில் இல்லை.

என் பையில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குழாய் வகை இரண்டு வைத்திருந்தேன். சட்டத்துக்காக வாங்கவில்லை. இப்படி ஒரு காலை வரும் என்று தெரிந்துதான் வாங்கினேன். “அண்ணா, ஒரு தடவை ஊதிவிட்டுச் சாவியை வைத்துக்கொள்” என்றேன். முகம் மாறிவிட்டது. தங்கை அண்ணனை ஊதச் சொல்வதா? அண்ணி ஒன்றும் பேசவில்லை, ஆனால் குழந்தையைக் காரில் உட்கார வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் அண்ணன் ஊதினார் என்று நினைக்கிறேன். குழாயிலிருந்த மஞ்சள் படிகம் பச்சையாகி, எல்லையைக் காட்டும் கோட்டைத் தாண்டிப் போனது. குழாய் பழுது என்றார். இரண்டாவதைக் கொடுத்தேன். அதுவும் பச்சை.

நான்தான் ஓட்டினேன். கலே வரைக்கும் ஒரு சோதனைகூட இல்லை. யாரும் நிறுத்தவில்லை. “பார்த்தாயா, வீணாக ஆர்ப்பாட்டம் பண்ணினாய்” என்று சுரங்கப் பாதை ரயிலில் காரை ஏற்றும்போது அண்ணன் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு பயணத்தில் வட பிரான்ஸின் லீல் நகரப் பக்கம் என்னை நிறுத்தினார்கள். உரிமம், காப்பீடு, வண்டிப் பதிவுத் தாள் பார்த்தார்கள், அவர்கள் கருவியில் ஊதச் சொன்னார்கள், அனுப்பிவிட்டார்கள். என் காரில் கருவி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அங்கே ஊதச் சொல்வதற்கு உங்கள்மீது சந்தேகம் வர வேண்டிய அவசியமில்லை, சும்மா போகிறவரையும் நிறுத்தலாம்.

இதைப் படித்துவிட்டு, அண்ணனைப் பொது இடத்தில் அவமானப்படுத்துகிறாள் என்று சிலர் எழுதுவார்கள். அவருக்குக் காட்டிவிட்டுத்தான் பதிவிடுகிறேன். குடிப்பவர்கள் எல்லோரையும் திட்டுவதற்காகவும் இதை எழுதவில்லை. பிரான்ஸில் சாலையில் இறப்பவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேரின் விபத்தில் ஆல்கஹால் கலந்த ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். பின்சீட்டில் என் அண்ணன் குழந்தை உட்கார்ந்திருந்தது. எனக்கு அதுதான் கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காததுதான். அன்றைக்கு நான் ஓட்ட முடிந்ததற்கு ஒரே காரணம், அண்ணனின் கார் காப்பீட்டில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கிளம்புவதற்கு முன்பு வாரக்கணக்கில் நச்சரித்திருந்தேன். கூடுதல் பணம் ஆகுமே, அண்ணன் இருக்கும்போது நீ எதற்கு ஓட்ட வேண்டும் என்றார்கள் வீட்டில். அண்ணிக்கு உரிமம் இருக்கிறது, ஆனால் அவர் பெயர் காப்பீட்டில் இல்லை. பல வீடுகளில் இப்படித்தான். வண்டியும் காப்பீடும் ஆண் பெயரில். விசேஷம் முடிந்து அவர் ஓட்ட முடியாத நிலையில் இருந்தால் மட்டும், ‘பெண்கள்தான் குடிக்க மாட்டார்களே, ஓட்டட்டும்’. விடிய விடியப் பந்தியும் குழந்தையும் பார்த்துக் களைத்தவள், வலப்பக்கம் ஓட்டியே பழகாதவள், காப்பீட்டில் பெயர்கூட இல்லாதவள், அர்த்தராத்திரியில் வேற்று நாட்டு நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும். இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்த அன்றே மண்டபத்திலிருந்து யார் ஓட்டுவது, மறுநாள் யார் ஓட்டுவது என்று வீட்டில் பேசுங்கள். பெண்தான் ஓட்டப்போகிறாள் என்றால் கிளம்புவதற்கு முன்பே அவளுக்கு நாலு நாள் பழக வண்டியைக் கொடுங்கள். சோதனையில் சிக்கினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடலாம், உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அப்போது ஓட்டத் தகுதியான இன்னொருவர் இல்லையென்றால் மொத்தக் குடும்பமும் சாலையோரத்தில்தான்.

சரி, கருவிக்கு வருகிறேன். வாங்குவதென்றால் படகுத்துறையில் வாங்க வேண்டாம். பிரான்ஸில் மருந்துக் கடையிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், விலையும் குறைவு. 2021 ஜூலை முதல் மது விற்கும் கடைகள் மது அடுக்குக்குப் பக்கத்திலேயே இதையும் விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ‘எத்திலோடெஸ்ட்’ என்று கேளுங்கள். ‘என்எஃப்’ என்ற பிரெஞ்சுத் தர முத்திரையும் காலாவதித் தேதியும் பாருங்கள். வழக்கமாக இரண்டு ஆண்டு தாங்கும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் போட்டு வைத்தால் அதற்கு முன்பே கெட்டுவிடலாம். குழாயில் எந்த அளவுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள் என்பது முக்கியம். 0.5க்கு ஒன்று, புதிய ஓட்டுநர்களுக்கான 0.2க்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். பிரிட்டனில் வாங்கிய டிஜிட்டல் கருவி என்றால் அது 35ஐ எல்லையாகக் காட்டக்கூடும். நூறு மில்லி லிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் என்பது இங்கிலாந்து அளவு, பிரான்ஸுக்கு அது 25.

குடித்தவுடன் ஊதாதீர்கள். வெறும் வயிறென்றால் அரை மணி நேரம், சாப்பாட்டோடு என்றால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் உச்சம் ஏறும். அதற்கு முன் ஊதிப் பார்த்து ‘சரியாக இருக்கிறதே’ என்று கிளம்பினால் வழியில் ஏறிக்கொண்டிருக்கும். பையை முழுதாக ஊதி, குழாயைப் பொருத்தி, பையை மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, சில நிமிடம் பொறுத்து நிறத்தைப் பாருங்கள். கோட்டுக்குக் கிட்டத்தில் வந்தாலே ஓட்டாதீர்கள். இந்தக் குழாய்கள் அவ்வளவு துல்லியமானவை இல்லை, நாங்கள் ஊதிப் பார்த்தோம் என்று போலீஸிடம் சொல்வதும் செல்லாது.

பிரான்ஸைத் தாண்டிப் போவதாக இருந்தால் பெல்ஜியம், ஜெர்மனி, ஸ்பெயின் மூன்றிலும் எல்லை 0.5. ஜெர்மனியில் 21 வயதுக்குக் கீழே இருந்தால் பூஜ்ஜியம். போலந்து, ஸ்வீடன், நார்வே 0.2. செக், ஹங்கேரியில் எல்லோருக்குமே பூஜ்ஜியம்.

பிரான்ஸுக்கு உண்மையாகவே வேண்டியவை வேறு. எதிரொளி ஜாக்கெட் வேண்டும், அதை டிக்கியில் போடாமல் இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள், இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். முக்கோண எச்சரிக்கைப் பலகை வேண்டும். முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசாமலிருக்க ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டும். வண்டி எந்த நாட்டுடையது என்று காட்டும் பழைய ‘ஜிபி’ ஒட்டு 2021 செப்டம்பரிலிருந்து செல்லாது, ‘யூகே’ என்று இருக்க வேண்டும். பாரிஸுக்குள் போவதென்றால், வண்டி எவ்வளவு புகை மாசு விடுகிறது என்று காட்டும் கிரிட்ஏர் ஸ்டிக்கர் இப்போது தேவையா என்று பாருங்கள், தேவையென்றால் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், தபாலில் வர நாளாகும். வேகக் கேமராவை முன்னறிவிக்கும் செயலி போனில் இருந்தால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள், அங்கே அது தடை. காப்பீட்டுக்காரரை இந்த வாரமே கூப்பிட்டு, உங்கள் வீட்டில் உரிமம் வைத்திருக்கும் இன்னொருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.