நண்பனோடு காட்டுக்குப் போங்கள், துவக்கு வேண்டாம்

கேள்வி: ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். வன்னியில், மல்லாவியில், என்னோடு படித்த நண்பன் இருக்கிறான். "இடியன் துவக்கு (குழல் வாயால் மருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கு) ஒழுங்கு செய்கிறேன், காட்டுக்குள் தங்கி மான் வேட்டையாடுவோம்" என்கிறான். ஒன்ராறியோவில் முறைப்படி அனுமதி எடுத்து வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போய்ப் பழகியவன் நான். என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: துவக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆயத்தம் செய்யுங்கள்.

அங்கே நீங்கள் வகுப்புக்குப் போய், அட்டை எடுத்து, மானுக்கென்று சீட்டு வாங்கி, செம்மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு காட்டில் இறங்குகிறீர்கள். சுட்டாலும் சுடாவிட்டாலும் பிறகு அரசுக்கு அறிவிக்க வேண்டும். இங்கே மானுக்கு அப்படி ஒரு வேட்டைப் பருவமும் இல்லை, சீட்டும் இல்லை. புள்ளிமானும், அதைவிடப் பெரிய மானான மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிற விலங்குகள். கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஊரில் செய்த இடியனுக்கு அனுமதிப் பத்திரமும் இராது. பிடிபட்டால் உங்கள் பயணம் குழம்பும், அது ஒரு பக்கம். வழக்கு வழக்கென்று வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறப்போவது உங்கள் நண்பன். அவனுக்கு அதைச் செய்யாதீர்கள்.

வன்னியில் வேட்டை இருந்ததை நான் மறுக்கவில்லை. என் பெரியப்பா மோட்டை என்கிற சின்னக் காட்டுக் குளத்தின் கரையில் பரண் கட்டிக் காத்திருந்தவர். வீட்டில் கொடியில் இறைச்சி வத்தல் காயும், சாடியில் தேன் இருக்கும். காட்டுக்குள் நுழையுமுன் காட்டுத் தெய்வமான ஐயனுக்கு ஒரு கொப்பு முறித்து வைத்துவிட்டுத்தான் போவார். குட்டியோடு நிற்கும் பெண்மானைப் பார்த்தால் துவக்கைத் தாழ்த்திவிடுவார். இன்று நடப்பது வேறு. மோட்டார் சைக்கிளில் போய், கண்ணைக் கூசவைக்கும் லைற் அடித்து, மான் மலைத்து நிற்கும்போது சுடுகிறார்கள். விடியமுன் இறைச்சி விலைப்பட்டுவிடும். அதைப் பெரியப்பா காலத்து வேட்டையோடு ஒன்றாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சட்டத்தை விடவும் நான் பயப்படுவது கட்டுத்துவக்குக்கு. விலங்கு நடக்கும் தடத்தின் ஓரத்தில் குழலைக் கட்டையோடு சேர்த்துக் கட்டி, தடத்துக்குக் குறுக்கே ஒரு மெல்லிய இழையை இழுத்துவிடுவார்கள். பன்றிக்கு என்றுதான் வைப்பார்கள். பன்றியின் நெஞ்சு உயரம் மனிதனுக்கு முழங்கால் உயரம். காய்ந்த புல்லுக்குள் அந்த இழை கண்ணுக்குத் தெரியாது, இருட்டில் சொல்லவே வேண்டாம். சன்னம் பட்டு முழங்காலுக்குக் கீழே சிதைந்துபோனவர்களை எங்கள் பக்கத்து ஊர்களில் பார்க்கலாம். விறகுக்குப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள்.

பிறகு மிதிவெடி. 2009இல் போர் முடிந்த நாளிலிருந்து அகற்றுகிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆனாலும் சிவப்புக் கட்டையோ மண்டையோட்டுப் பலகையோ கண்டால் வந்த வழியிலேயே திரும்புங்கள். பெடியங்கள் போய் வருகிறார்கள் என்பது ஒரு நியாயமே இல்லை.

சரி, போகத்தான் வேண்டும். கட்டாயம் போங்கள். ஆடி நல்ல மாதம். மோட்டைகள் வற்றிவிடும், விலங்கெல்லாம் பெரிய குளங்களுக்கு இறங்கும். வவுனிக்குளம் உங்கள் நண்பனுக்குக் கிட்டத்தான். பின்னேரம் வெயில் தாழும்போது தண்ணீர் வற்றிய அலைகரையில், அதாவது குளத்தின் உட்கரையில், இளம்புல் மேய மான் வரும். வன இலாகாவின் காட்டுக்குள் இறங்குவதானால் முதலே அனுமதி கேளுங்கள். சுண்டிக்குளம் 2015இலிருந்து தேசியப் பூங்கா, அங்கேயும் முறைப்படி போகலாம்.

காற்று உங்கள் முகத்தில் படும்படி இருங்கள். முதுகுப் பக்கம் காற்றென்றால் நீங்கள் வருவது மானுக்கு முதலே தெரிந்துவிடும். பாலை மரம் பழுத்து இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தால், மந்தி ஏறியிருக்கும் மரத்தைத் தேடுங்கள். மேலே மந்தி தின்னும், பாதி கடித்தது கீழே விழும், மான் கூட்டம் அதைப் பொறுக்கிக்கொண்டு நிற்கும். சின்னச் சின்ன மஞ்சள் பழம், பாலில் உதடு ஒட்டும். தின்று பாருங்கள், பள்ளிக்கூட நாள் ஞாபகம் வரும். மந்தி திடீரென்று குரைத்தால் மான் தலை நிமிரும், முன்னங்காலால் ஒருமுறை நிலத்தைத் தட்டும், வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டும், அவ்வளவுதான், ஓடிவிடும். சிறுத்தையோ என்று நாங்களும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அதே பாலைப்பழத்துக்குக் கரடியும் வரும். வன்னிக் காட்டில் யானையைவிடக் கரடிக்குத்தான் எங்கள் ஆட்கள் பயம். அதற்குக் கண்ணும் காதும் மட்டு, கிட்ட வந்தபிறகுதான் உங்களைக் காணும், கண்டதும் பாயும். அதனால் பற்றை நெருங்கிய இடத்தில் கதைத்துக்கொண்டு நடங்கள். வேட்டைக்குப் போகிறவன் வாயைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இத்தனை வருடத்துக் கதை இருக்கிறதே, இரண்டு பேருக்கும்!

இரவு காட்டுக்குள் தங்க வேண்டாம். குளக்கட்டுக்குப் பக்கத்தில் தெரிந்த வீட்டில் படுத்து, விடியற்காலை திரும்பவும் போங்கள்.

கேள்வி: தோட்டத்து வேலி ஓரம் மான்குட்டி ஒன்று தனியே படுத்திருக்கிறது. தாயைக் காணவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பால் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, நெடுங்கேணி

பதில்: தொடாதீர்கள், அம்மா. தாய் மேயப் போகும்போது குட்டியைப் பற்றைக்குள் படுக்க வைத்துவிட்டுத்தான் போகும். நீங்கள் அங்கே நின்றால் அது கிட்ட வராது. நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். அடுத்த நாளும் அதே இடத்தில் சோர்ந்து கிடந்தாலோ, காயம் இருந்தாலோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பசுப்பால் கொடுக்க வேண்டாம், வயிற்றால் போய்ச் செத்துவிடும்.