வேதநூல்களில் அடிமைமுறை: ‘அக்கால வழக்கம்’ என்பது போதுமான பதிலா?

“பைபிள் அடிமைமுறையை அனுமதித்தது அக்கால வழக்கம்தானே, அதை இன்று குறை சொல்வது முறையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முறைதான் என்பது என் உறுதியான கருத்து. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

எஜமான் கோலால் அடித்த அடிமை அப்போதே இறந்தால் தண்டனை உண்டு என்றும், ஓரிரு நாள் உயிரோடிருந்தால் தண்டனை இல்லை, ஏனெனில் அவன் எஜமானின் உடைமை என்றும் பைபிளின் யாத்திராகமம் 21 கூறுகிறது. எபிரெய அடிமைக்கு ஏழாம் ஆண்டில் விடுதலை உண்டு. அந்நிய அடிமையையோ பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச்செல்லலாம் என்கிறது லேவியராகமம் 25. (எஜமான் விடுவித்தாலும் சூத்திரனுக்கு அடிமைத்தனம் நீங்காது என்று மனுஸ்மிருதியும் சொல்வதால், நான் ஒரு சமயத்தை மட்டும் குற்றம் சாட்டவில்லை.)

ஆனால் அதே பைபிளில் உபாகமம் 23, தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்காதே, அவன் விரும்பிய ஊரில் வாழட்டும் என்கிறது. இதற்கு மாறாக, மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கு 1910 வரை நீடித்த ஒப்பந்தக் கூலி முறை சட்டப்படி அடிமைமுறை அன்று எனினும், தோட்டத்தை விட்டு ஓடியவர்களைப் பிடித்துச் சிறையிலிட அதில் இடமிருந்தது. அயல்நாட்டிலிருந்து தப்பியவர்களை மட்டுமே உபாகம வசனம் குறிக்கும் என்று சிலர் கொள்வர்; அப்படியே கொண்டாலும், ஓடிய அடிமைக்கு அடைக்கலம் தந்தவருக்கு மரண தண்டனை விதித்த பண்டைய பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தை விட்டு அது வெகுதூரம் விலகியிருக்கிறது. வழக்கத்தை ஓரிடத்தில் மீறத் துணிந்த நூலை, மற்றோரிடத்தில் ஏன் மீறவில்லை என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.