வீரரின் மூளையே எச்சரிக்கை மணி

கேள்வி: எதிரி தாக்குவதற்கு முன்பே அவனைக் கண்டுபிடிக்க, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியாளர்கள் வீரரின் மூளை அலைகளைப் பயன்படுத்தினார்கள் என்கிறார்களே, உண்மையா? கணினியே போதாதா?
– வாசகர், கரூர்

பதில்: உண்மைதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, இத்தகைய கருவித் தொகுதியின் சோதனை முடிவுகளை 2012-இல் வெளியிட்டது. முக்காலியில் நிறுத்திய 120 மெகாபிக்சல் கேமரா, 120 பாகை அகலத்துக்கு நிலப்பரப்பைப் படம்பிடிக்கும்; அதில் ஐயத்துக்குரிய இடங்களைக் கணினி பிரித்தெடுத்து, மின்முனைகள் பொருத்திய தொப்பி அணிந்த வீரரின் கண்முன் நொடிக்குச் சுமார் பத்துப் படங்கள் வீதம் ஓடவிடும். அவர் பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை. தேடுகிற பொருள் கண்ணில் பட்டதும், ஏறத்தாழ 300 மில்லி நொடிகளில் மூளையில் ஒரு மின் அலை எழுகிறது. 'பி-300' எனப்படும் அந்த அலை எந்தப் படத்துக்கு எழுந்ததோ, அதையே கணினி குறித்துக்கொள்ளும். திருவிழாக் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையின் முகம் சட்டென்று தனித்துத் தெரிகிறதல்லவா, அந்தத் திறனைத்தான் இங்கே கடன் வாங்குகிறார்கள்.

கணினி மட்டும் போதாது என்பதற்கு அந்தச் சோதனையே சான்று. மனிதத் துணையின்றி இயங்கியபோது மணிக்கு 810 பொய் எச்சரிக்கைகள் வந்தன. பறவையையும் அசையும் கிளையையும் ஆளாகக் கருதிக் கூச்சலிடும் காவலனை எந்தப் படைப்பிரிவும் நெடுநேரம் நம்பாது! தொப்பி அணிந்த வீரரைச் சேர்த்ததும், மணிக்கு 2,304 இலக்கு நிகழ்வுகள் காட்டப்பட்ட நிலையில், பொய் எச்சரிக்கைகள் ஐந்தாகக் குறைந்தன. 91 விழுக்காடு இலக்குகள் சரியாக அடையாளம் காணப்பட்டன. ரேடாரையும் இணைத்தபோது அது 100 விழுக்காடானது. நல்ல கருவிகள் கையில் இருந்தும் ஒரு வீரர் 47 விழுக்காடு அச்சுறுத்தல்களைத் தவறவிடுகிறார் என்று அதே அமைப்பு கூறியிருந்ததை நினைத்தால், முன்னேற்றம் பெரிதுதான்.

ஆனால் இதை மனத்தைப் படிக்கும் கருவி என்று எண்ணிவிடக் கூடாது. பி-300 அலை, 'இது கவனிக்கத்தக்கது' என்பதை மட்டுமே சொல்லும். தொலைவில் வருபவர் பகைவரா, ஆடு மேய்ப்பவரா என்று அதற்குத் தெரியாது. அந்தத் தீர்ப்பை, குறிக்கப்பட்ட படத்தை மறுபடியும் நிதானமாகப் பார்த்து, வீரர்தான் வழங்க வேண்டும். சாலையோரம் புதைக்கப்பட்ட வெடிகுண்டும் சுவருக்குப் பின் மறைந்திருப்பவரும் கேமராவின் பார்வையில் விழாத வரை, மூளையிலும் எந்த அலையும் எழப்போவதில்லை.