கிருஷ்ணய்யர் மட்டும் கட்சிக்காரர் இல்லையா?

கேள்வி: கட்சியில இருந்தவங்க ஐகோர்ட் ஜட்ஜ் ஆனா உங்க பத்திரிகை பொங்கிப் பொங்கி எழுதுது. கம்யூனிஸ்ட் மந்திரிசபையில மந்திரியா இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆகலையா? அவர மட்டும் தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடுறது ஏன்?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: நல்ல கேள்விதான், ஆனா பாதியில நிறுத்திட்டீங்க. மீதியையும் நானே எடுத்துக் குடுக்கறேன். அவர் வெறும் மந்திரி இல்ல சார். 1957ல கேரளாவுல ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் சி.எம்.ஆ இருந்த கம்யூனிஸ்ட் மந்திரிசபையில சட்டம், போலீஸ், ஜெயில், பாசனம், மின்சாரம்னு கைநிறைய இலாகா வச்சிருந்தவர். அதுக்கு முன்னாடி 1952ல, மலபார் நம்ம மெட்ராஸ் மாகாணத்தோட இருந்த காலத்துல, இங்க மெட்ராஸ் சட்டசபையிலயே எம்.எல்.ஏ.வா உக்காந்தவர். ரெண்டு தடவையும் சுயேச்சைதான், கட்சி கார்டு இல்ல. ஆனா எந்தப் பக்கம்னு ஊருக்கே தெரியும். 1968ல கேரளா ஐகோர்ட் ஜட்ஜ் ஆனப்ப அங்க மறுபடியும் ஈ.எம்.எஸ். தான் சி.எம். 1973ல டெல்லிக்குப் போனதும் சாதாரண நேரத்துல இல்ல. அந்த ஏப்ரல்லதான் மூணு சீனியர் ஜட்ஜ்களத் தாண்டி ஏ.என்.ரேயை சீஃப் ஜஸ்டிஸ் ஆக்கினாங்க, அரசாங்கத்தோட சமூகப் பார்வை புரிஞ்ச ஜட்ஜ்தான் வேணும்னு மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம் பார்லிமெண்ட்லயே நியாயம் சொன்னார். ரெண்டு மூணு மாசத்துல ஜூலைல கிருஷ்ணய்யர் உள்ள வர்றார். பம்பாய் வக்கீல்கள் கொதிச்சுப் போனாங்க. அன்னிக்கு நான் பத்திரிகை நடத்தியிருந்தா நானும் எதிர்த்துதான் எழுதியிருப்பேன், போதுமா?

இப்ப ரெண்டே வருஷம் கழிச்சு வாங்க. 1975 ஜூன் 12, இந்திரா காந்தி ரேபரேலியில ஜெயிச்சது செல்லாதுன்னு அலகாபாத் ஐகோர்ட்ல ஜஸ்டிஸ் சின்ஹா சொல்லிட்டார். சுப்ரீம் கோர்ட் லீவு. லீவுக்கால ஜட்ஜா தனியா இருந்தது யாரு? இதே கிருஷ்ணய்யர்தான். சட்ட மந்திரி கோகலே ஃபோன் பண்ணி வீட்டுக்கு வந்து பாக்கணும்ங்கறார், பழக்கப்பட்டவர்தான். எதுக்குன்னு கேட்டு, அப்பீல் விஷயம்னு தெரிஞ்சதும், பாக்க வேண்டாம், கோர்ட் ஆபீஸ்ல (ரிஜிஸ்ட்ரி) ஃபைல் பண்ணுங்கன்னு சொல்லி ஃபோனை வச்சிட்டார். இத அவரே பின்னாடி சொல்லியிருக்கார். தன்னை அந்த நாற்காலியில உக்கார வச்ச அரசாங்கத்தோட மந்திரிங்கறத மறந்துராதீங்க.

23ஆம் தேதி வாதம். இந்திராவுக்கு வக்கீல் பல்கிவாலா, எதிர்ல, ரேபரேலியில தோத்து கேஸ் போட்ட ராஜ் நாராயணுக்கு சாந்தி பூஷன். அலகாபாத் தீர்ப்புக்கு நிபந்தனை இல்லாத தடை வேணும்னு பல்கிவாலா கேட்டார். மறுநாள் வந்த ஆர்டர்ல, பிரதமரா தொடரலாம், சபைக்குப் போகலாம், பேசலாம், ஆனா எம்.பி.யா ஓட்டுப் போடக்கூடாது, எம்.பி. சம்பளமும் வாங்கக்கூடாதுன்னு இருந்துச்சு. எதிர்க்கட்சிக்கு கோபம், ஏன் முழுசா இறக்கிவிடலன்னு. காங்கிரசுக்கு கோபம், ஓட்டுரிமை இல்லாத பிரதமர்னா என்ன மானம்னு. எனக்குக் கேட்டா அவர் இன்னும் கொஞ்சம் கறாரா இருந்திருக்கலாம்னுதான் தோணும், ஆனா ஒரு தனி ஜட்ஜ், லீவு நேரத்துல, அந்த அம்மா முன்னாடி இவ்ளோ தூரம் போனதே அன்னிக்குப் பெரிய விஷயம். 25ஆம் தேதி ராத்திரி எமர்ஜென்சி வந்துச்சு. அத எதிர்த்து பல்கிவாலாவே இந்திராவோட கேஸ் கட்டை திருப்பிக் குடுத்துட்டார்.

அப்பறம் கிருஷ்ணய்யரோட அரசியல் பழக்கம் தீர்ப்புல எங்க வந்துச்சுன்னு பாருங்க. 1978ல மோத்தி ராம்னு ஒரு கொத்தனார் கேஸ், மத்தியப் பிரதேசம். சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் குடுத்தும் கீழ் கோர்ட் மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேக்கறார். அண்ணன் தம்பி ஒருத்தர் கையெழுத்துப் போட வந்தா சொத்து வேற ஜில்லாவுல இருக்கு, செல்லாதுங்கறார். கிருஷ்ணய்யர் பொரிஞ்சு தள்ளிட்டார். ஒரு தமிழனையோ மலையாளியையோ பஸ்தர்லயோ போர்ட் பிளேர்லயோ சாந்தினி சௌக்லயோ புடிச்சா, அந்த ஊர்ல சொத்து இருக்கற ஆளுக்கு அவன் எங்க போவான்னு தீர்ப்புலயே கேட்டார். ஆயிரம் ரூபாய்க்கு சொந்த ஜாமீன்ல விடுன்னு ஆர்டர். 1948ல கம்யூனிஸ்டுகளுக்கு வக்கீல் வேலை பாத்ததுக்காக அவரே ஒரு மாசம் போல உள்ள இருந்தவர், பின்னாடி ஜெயில் மந்திரி. அதனாலதானோ என்னமோ டெல்லி திகார் ஜெயில்ல இருந்து சுனில் பத்ராங்கற கைதி இன்னொரு கைதியை வார்டன் சித்ரவதை பண்றான்னு லெட்டர் எழுதினப்ப, ஸ்டாம்ப் எங்க வக்காலத்து எங்கன்னு கேக்காம அந்த லெட்டரையே ஆட்கொணர்வு மனுவா எடுத்துக்கிட்டாங்க.

குறை இல்லையா? இருக்கு. அவர் இங்கிலீஷைப் படிக்க வக்கீல்களே டிக்‌ஷனரியோட உக்காரணும், சில தீர்ப்பு உபன்யாசம் மாதிரியே ஓடும். ரிட்டயர் ஆனப்பறம் 1987ல ஜனாதிபதி தேர்தல்ல நம்ம ஆர்.வெங்கட்ராமனை எதிர்த்து நின்னார், தோப்போம்னு தெரிஞ்சே. 2002 குஜராத் கலவரத்தை விசாரிச்ச குடிமக்கள் குழுவுக்குத் தலைமை தாங்கினவர், 2013ல, கலவரம் நடந்தப்ப குஜராத் சி.எம்.ஆ இருந்த அதே மோடி பிரதமர் வேட்பாளர் ஆனதும் வாழ்த்துக் கடிதம் எழுதினார். இடதுசாரி நண்பர்கள் தலையில கைவச்சிக்கிட்டாங்க. அப்பவும் யாரைக் கேட்டும் அவர் எழுதல.

கட்சியில இருந்தவர் ஜட்ஜ் ஆகவே கூடாதுன்னு நாங்க எந்த இதழ்லயும் எழுதல சார், எடுத்துப் பாருங்க. மேடையில ஒரு மதத்துக்காரங்களக் கேவலமா பேசினவர் ஜட்ஜ் ஆனா, நாளைக்கு அந்த மதத்துக்காரர் கேஸ் கட்டோட அவர் முன்னாடி எந்த நம்பிக்கையில நிப்பார்னுதான் கேட்டோம். உங்க ஆளும் கிருஷ்ணய்யர் மாதிரிதான்னு சொல்றீங்கல்ல, பதவி குடுத்தவங்க முகம் சுளிக்கற மாதிரி அவர் எழுதின ஆர்டர் ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க. அடுத்த இதழ்ல பெட்டி கட்டிப் போடறேன்.