ஒளிச்சிதறல் என்றால் என்ன? வானம் நீலமாகவும் மேகம் வெள்ளையாகவும் தெரிவது ஏன்?

நேராகப் போகும் ஒளியோ துகளோ குறுக்கே எதன் மீதாவது பட்டு, பல திசைகளில் விலகிப் போவதுதான் சிதறல். ஒளியில் எந்த நிறம் அதிகம் சிதறும் என்பது, குறுக்கே நிற்பதன் அளவைப் பொறுத்தது.

குளத்து அலைகளைப் பாருங்கள். மெல்லிய குச்சியை நீளமான அலை கண்டுகொள்வதே இல்லை. சிற்றலைதான் கொஞ்சம் கலையும். பெரிய பாறை என்றால் எந்த அலையும் தப்பாது.

காற்று மூலக்கூறு அந்தக் குச்சி மாதிரி. ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகளுக்கு இடையிலான தூரத்தைவிட, ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. அதனால் சிற்றலை போன்ற, 450 நானோமீட்டர் அலைநீள நீல ஒளி, 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகமாகச் சிதறி, எல்லாப் பக்கமிருந்தும் கண்ணுக்கு வருகிறது. மாலையில் ஒளி காற்றில் வெகுதூரம் வருவதால் நீலம் வழியிலேயே கழிந்து, சிவப்பு மிஞ்சுகிறது. மேகத்தின் நீர்த்துளியோ பாறை. எல்லா நிறமும் ஒன்றுபோலச் சிதறுவதால் வெள்ளை.

துகள்கள் சிதறுவதும் லேசான விஷயமில்லை. மெல்லிய தங்கத் தகட்டில் பட்ட ஆல்ஃபா துகள்களில் (கதிரியக்கப் பொருள்கள் வெளிவிடும் நேர்மின் துகள்கள்) சில வந்த வழியே திரும்பியதை வைத்துத்தான் 1911இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே இருக்கும் அணுக்கருவை ஊகித்தார்.

அப்புறம், கடலின் நிறம் பிரதிபலிப்பதால்தான் வானம் நீலம் என்று பலர் நினைக்கிறார்கள். கடலே எட்டாத பாலைவனத்துக்கு மேலும் வானம் நீலம்தான்.