மொஸ்தார் பாலம் பழையதா, புதியதா?

அன்புள்ள ஐயா,

பொஸ்னியரின் கலை மரபு பற்றிய உங்கள் கட்டுரையில் மொஸ்தார் நகரின் பழைய பாலத்தை முதன்மையாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஆனால் இன்று அங்கே நிற்பது 2004இல் திறக்கப்பட்ட பாலம் அல்லவா? ஒரு நகலை மரபுச் செல்வம் என்று சொல்லலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நெரெத்வா ஆற்றின் மேல் ஒட்டோமான் கட்டடக் கலைஞர் மிமார் ஹைருத்தீன் 1566இல் கட்டி முடித்த பாலம், பொஸ்னியப் போரின்போது, 1993 நவம்பர் 9 அன்று பொஸ்னியக் குரோவாசியப் படையின் பீரங்கித் தாக்குதலில் இடிந்து ஆற்றில் விழுந்தது. பின்னர் நீருக்கடியிலிருந்து மீட்கப்பட்ட கற்களை மீண்டும் பயன்படுத்த முடியவில்லை. ஆகவே உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் அதை நகல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. கரையிலிருந்து கரைக்கு ஏறத்தாழ 29 மீட்டர் தாவும் அந்த ஒற்றை வளைவை மறுபடி எழுப்பியவர்கள், அதே வட்டாரத்தின் தெனெலியா சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்து, கல்லோடு கல்லை இரும்புப் பிணைப்புகளால் கோத்து, பிணைப்புக் குழிகளில் ஈயத்தை உருக்கி ஊற்றும் பழைய முறையையே கையாண்டார்கள். ஒரு கட்டடத்தின் மரபு கல்லில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு அதைக் கட்டும் அறிவிலும் இருக்கிறது என்பதே என் எண்ணம். 2005இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் அப்பகுதியைச் சேர்த்தபோதும், கல்லின் வயதை முன்வைக்காமல், பல சமூகங்களின் நல்லிணக்கத்துக்கு அது அடையாளமாக நிற்பதையே காரணமாகக் கொண்டது.

என்னை உறுத்தும் இழப்பு, அதே போரில், பொஸ்னியத் தலைநகர் சாரயேவோவில் நேர்ந்தது. அந்நகரை முற்றுகையிட்டிருந்த பொஸ்னியச் செர்பியப் படையின் குண்டுவீச்சில், 1992 மே 17 அன்று கீழைத்தேயவியல் நிறுவனம் எரிந்தது. அரபு, பாரசீகம், துருக்கி ஆகிய மொழிகளிலும், அரபு எழுத்தில் எழுதப்பட்ட பொஸ்னிய மொழியிலும் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே இருந்தன. மிகச் சிலவே எஞ்சின. அதே ஆண்டு ஆகஸ்டில், தேசிய நூலகம் இயங்கிவந்த பழைய நகர மன்றக் கட்டடமான வியெச்னித்சாவும் எரிந்தது. அக்கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2014இல் திறக்கப்பட்டுவிட்டது. சுவடிகளை அவ்வாறு எழுப்ப வழியில்லை, ஏனெனில் அவற்றில் பல வேறெங்கும் படி இல்லாதவை. முன்பு அங்கே ஆய்வு செய்த வெளிநாட்டு அறிஞர்கள் தம்மிடம் வைத்திருந்த நுண்படங்களையும் ஒளிநகல்களையும் திரட்டும் முயற்சியால் ஒரு சிறு பகுதியாவது படிக்கக் கிடைத்தது.

தப்பித்தவையும் உண்டு. 1537இல் தொடங்கப்பட்ட காசி ஹுஸ்ரெவ் பேக் நூலகத்தின் சுவடிகளை, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நகருக்குள்ளேயே, அதன் ஊழியர்கள் பெட்டிகளில் அடுக்கி இடம் விட்டு இடம் மாற்றிக் காப்பாற்றினார்கள். அச்சுவடிகள் 2014 முதல் புதிய கட்டடத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. பாலத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய அக்கட்டுரையில் இந்த ஊழியர்களுக்கும் சில பத்திகள் உரியவை. அடுத்த பகுதியில் அதை விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்.