விதையா, கீரையா: எதில் சத்து அதிகம்?

கேள்வி: கீரையைவிட எள்ளில் பத்து மடங்கு கால்சியம் இருக்கிறதாமே. தினமும் ஒரு ஸ்பூன் எள் சாப்பிட்டால் கீரையை விட்டுவிடலாமா?

விட முடியாது. அந்தப் பத்து மடங்கு, 100 கிராமுக்கு 100 கிராம் வைத்துப் பார்த்த கணக்கு. தோலோடு உள்ள எள்ளில் சுமார் 975 மி.கி. கால்சியம், பாலக்கில் 99. எண்கள் சரிதான். ஆனால் 100 கிராம் எள் என்பது 570 கலோரி. அதை யாரும் ஒரே நாளில் சாப்பிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எள் 9 கிராம்தான் நிற்கும்: கால்சியம் 88 மி.கி., இரும்பு 1.3 மி.கி. 100 கிராம் பச்சைக் கீரையோ வெந்ததும் அரைக் கப்பாகச் சுருங்கிவிடும், ஒரு வேளைக்கே போதாது. பாலக்கில் அந்த 100 கிராமுக்கு இரும்பு 2.7 மி.கி., கலோரி 23. கீரையில் 90 சதவீதம் தண்ணீர், காய்ந்த விதையில் 5 சதவீதம். எண்கள் எகிறுவது பெரும்பாலும் அதனால்தான்.

கால்சியத்தை வைத்து இந்த இரண்டையும் மோதவிடுவதே தப்பு என்பேன். பாலக்கில் உள்ள கால்சியத்தை ஆக்சலேட் (தாவரங்களில் இயற்கையாக உள்ள ஓர் அமிலப் பொருள்) பிடித்து வைத்திருக்கிறது. உடலில் சேர்வது 5 சதவீத அளவுதான். எள்ளிலும் கால்சியம் பெரும்பாலும் தோலில், அதுவும் ஆக்சலேட்டாகத்தான் இருக்கிறது. தோல் நீக்கிய எள்ளில் 100 கிராமுக்கு 60 மி.கி.தான் மிஞ்சும். கால்சியத்துக்காகவே கீரை தேடினால் ஆக்சலேட் குறைந்த கேல், கடுகுக்கீரை மேல்.

விதைகளின் பலம் வேறு. 30 கிராம் பூசணி விதையில் புரதம் 9 கிராம், மக்னீசியம் 175 மி.கி., துத்தநாகம் 2 மி.கி.க்கு மேல். சூரியகாந்தி விதையில் வைட்டமின் ஈ, ஆளி விதையில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு. ஆனால் காய்ந்த விதையில் வைட்டமின் சி, ஏ, கே மூன்றும் பெயருக்குத்தான். அவை கீரையின் பங்கு, கூடவே ஃபோலேட் என்ற பி வைட்டமினும். (பி12 இரண்டிலும் கிடையாது.)

இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். கீரையின் கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமி) உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். அது விதையில் இருக்கிறது. விதையில் உள்ள பைட்டேட் என்ற பொருள், அதன் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். வைட்டமின் சி அந்தத் தடையைத் தளர்த்தும். கீரையை வேகவைக்கும்போது சி பாதிக்கு மேல் போய்விடலாம் என்பதால், அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் எலுமிச்சை பிழிந்து, வறுத்துப் பொடித்த எள்ளை மேலே தூவுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு சேர்வது மறுபடி குறையும்.

ஆளி விதையை முழுசாக விழுங்கினால் தோல் உடையாமல் அப்படியே வெளியேறிவிடும். பொடித்தால் ஒரு மேசைக்கரண்டியில் (7 கிராம்) 1.6 கிராம் ஒமேகா-3 கிடைக்கும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள்; தொடர்ந்து ஓட்டினால் சூடேறி, எண்ணெய் கசிந்து பிளேடில் அப்பிக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பெயின்ட் வாடையோ கசப்போ வந்தால் கொட்டிவிடுங்கள், அந்தக் கொழுப்பு கெட்டுவிட்டது.

சியா விதையை உலர்ந்தபடி வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளலாம். ஒரு மேசைக்கரண்டிக்கு முக்கால் டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் ஊறல். ஐந்தாவது நிமிடம் ஒருமுறை கலக்காவிட்டால் அடியில் கட்டியாகிவிடும்.

ஆக்சலேட் வகை சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆக்சலேட்டோடு ஃபோலேட்டும் கொஞ்சம் போகும், வேறு வழியில்லை. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வைட்டமின் கே ஏறி இறங்கினால் மருந்தின் வேலை தடுமாறும். கீரையின் அளவை மாற்றுவதென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.